இருபது மீட்டரில் நிறுத்தம்

அன்று நடந்தவை, சரியான நேரப்படி:

1. விடியுமுன் அக்கா கட்டுநாயக்காவில் விமானத்தை விட்டு இறங்கினாள். ஆறு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தாள்.

2. பிற்பகல் இரண்டரைக்குப் பதுளை பஸ் நிலையத்திலிருந்து எனக்குப் பேசினாள். "நாலரைக்கு வந்துருவேன். பாப்பாவக் கூட்டிக்கிட்டு ரோட்டுல வந்து நில்லு" என்றாள்.

3. மூன்று நாற்பதுக்கு, நான்கு பேரை ஏற்றிய விண்கலம் ஒன்று பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தோடு இணைய வேண்டியிருந்தது. அக்காவின் மகளும் நானும் அதை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

4. நிலையத்துக்கு இருபது மீட்டர் தூரத்தில் கலத்தை நிறுத்தி வைத்தார்கள். காரணம், கொக்கி ஒன்றின் அளவீடு. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம்.

5. நான்கு பத்துக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரோட்டில் யாரும் இல்லை.

6. நான்கு இருபத்தாறுக்குக் கலம் நிலையத்தைத் தொட்டது. அப்போது அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

7. பாப்பா அவளிடம் போகவில்லை.

நான் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவள். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, டவுனில் உள்ள ஒரு பட்டறையில் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போய், கொதிகலன் முள் காட்டும் எண் உண்மைதானா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது வேலை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எழுதிவிட்டால்தான் பிழை எங்கே என்று தெரியும். அந்தச் சனிக்கிழமையையும் அப்படித்தான் பல முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளியைத் தாண்டி, பஸ் போகும் ரோட்டிலிருந்து கால் மணி நேரம் ஏறிப் போகும் இடத்தில் இருக்கிறது. வரிசை வீடுகளான லயத்துக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை. மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தை ஒட்டிய வளைவில் மட்டும் கிடைக்கும். அதனால் தோட்டத்தின் காதல், சண்டை, மரணச் செய்தி எல்லாம் அந்த வளைவில் நின்று பேசப்பட்டவை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அது எங்கள் முறை. அக்கா வேலை பார்த்த வீட்டார் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் போனைக் கையில் கொடுப்பார்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவளே எனக்கு முன்னால் ஓடிப் போய் மடுவத்துத் திட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

அக்கா போகும்போது பாப்பாவுக்கு ஒன்றரை வயது. அவளுடைய அப்பா அதற்கு முன்பே வேறு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டார். பாப்பாவுக்கு அம்மா என்றால் உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் தெரியும் முகம். அந்த முகத்தோடு நன்றாகப் பேசுவாள். பல் விழுந்ததைக் காட்டுவாள். பூனை குட்டி போட்டால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா" என்று மரியாதையாகக் கேட்பாள். என்னிடம் "நீ", "வா", "போ". சோறு பிடிக்கவில்லை என்றால் தட்டை என் பக்கம்தான் தள்ளுவாள்.

விண்வெளி விஷயம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பேச வரத் தாமதமானது. காத்திருக்கும் நேரத்தில் பாப்பாவுக்கு ஏதாவது காட்டலாம் என்று, நிலையத்திலிருந்து பூமியைக் காட்டும் நேரடி ஒளிபரப்பைத் திறந்தேன். "இதுக்குள்ள ஆளு இருக்கா?" என்றாள். இருக்கிறார்கள் என்றேன். "அவங்க வீட்டுக்கு எப்ப போவாங்க?" ஆறு மாதம் கழித்து என்றேன். "ஆறு மாசந்தானா" என்றாள். அன்றிலிருந்து அங்கே யார் போகிறார்கள், யார் திரும்புகிறார்கள் என்ற கணக்கு அவளுக்கு அத்துப்படியானது. கலம் எப்படி நெருங்கும் என்பதும் தெரியும். நானூறு மீட்டரில் நிற்கும். இருநூற்றிச் சொச்சத்தில் நிற்கும். இருபதில் நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் கீழேயிருந்து சரி என்று சொன்னால்தான் அடுத்த அடி. லயத்து வாசலில் பூனையை அப்படி நடக்க வைக்கப் பார்ப்பாள். பூனை எந்த இடத்திலும் நிற்காது.

அக்கா வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, பாப்பா தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் பேசினாள்.

"ரெண்டு மாச லீவுதான் குடுத்துருக்காங்க. திரும்ப வாறியா இல்லியான்னு பத்து நாளுல சொல்லணுமாம்."

"நீ என்னக்கா நெனைக்கிற?"

"பாப்பா எங்கிட்ட ஒட்டுனா இருந்துருவேன். ஒட்டலன்னா எதுக்கு இருந்துக்கிட்டு. சம்பளமாவது வரும். நீயே வச்சுக்க, ஒன் புள்ளதான அது."

அதே மாதம் என் முதலாளி பண்டாரவளையில் புதிதாகத் திறக்கும் பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தார். அங்கேயே தங்க வேண்டியிருக்கும். பாப்பாவை விட்டுப் போக முடியாது என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தங்கினால் நான் போகலாம். அவள் திரும்பிப் போனால் பாப்பா என்னோடு இருப்பாள். இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று மூன்றரைக்கே திட்டில் உட்கார்ந்துவிட்டோம். என் திட்டம் எளிமையானது. மூன்று நாற்பதுக்கு இணைப்பு. நான்கேகாலுக்குக் கிளம்பினால் நான்கரைக்கு ரோட்டில் இருக்கலாம். பாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு, தலை பின்னி, பவுடர் பூசியிருந்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பின்னணியில் ஒரு சின்ன வெள்ளைக் கூம்பு. நகர்கிறதா நிற்கிறதா என்று பக்கத்திலிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

இருபது என்று வந்து எண் நின்றுவிட்டது.

நான்கு மணிக்கு மலையிலிருந்து பெண்கள் கொழுந்தோடு இறங்க ஆரம்பித்தார்கள். எங்கள் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. தராசுக்கு வரிசை நிற்கும் நேரத்தில் ஆளாளுக்கு எங்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன புள்ள, இது சும்மாவே நிக்குது?"

"சரிபாக்குறாங்க மாமி. கொக்கி ஒழுங்கா இருக்கான்னு."

"உள்ள ஆளு இருக்கா?"

"நாலு பேரு" என்றாள் பாப்பா. "ரெண்டு பொம்பள."

"பொம்பளயா? அதான் நிறுத்தி வச்சுருக்கான். கொழுந்துல தண்ணி இருக்குன்னு எடையக் கழிச்சுட்டுத்தான் உள்ள விடுவான்."

தராசுக்காரரின் முகம் மாறியது. பெண்கள் சிரித்தார்கள்.

"அங்க பெரட்டு எத்தன மணிக்கு?" என்று இன்னொருத்தி கேட்டாள். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். பிந்திப் போனால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும், சில நாள் திருப்பியே அனுப்பிவிடுவார்கள்.

"அங்க ஒரு நாளைக்குப் பதினாறு தரம் விடியும்" என்றேன்.

"பதினாறு பெரட்டா. நாசமாப் போச்சு. எறங்கி வரச் சொல்லு அந்தப் பொம்பளைகள."

நான்கேகால் ஆனது. நான் எழுந்தேன். பாப்பா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் கொஞ்சம் சித்தி. இப்ப தொட்டுரும்." ஐந்து நிமிடம் என்றேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு ஐந்து. இதை நான் என் பட்டியலில் சேர்த்ததில்லை. இப்போது சேர்க்கிறேன். பஸ் சில நாள் முன்னதாகவே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். போனை அணைத்துப் பையில் போட்டிருந்தால் அழுதுகொண்டாவது பாப்பா வந்திருப்பாள். நான் அணைக்கவில்லை.

எண் மறுபடி குறைய ஆரம்பித்தது. பத்தொன்பது. பதினாறு. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கைப்பிள்ளை நடக்கும் வேகம்கூட இல்லை. "நம்ம லொறிக்காரனுக்கு இதக் காட்டணும்" என்று யாரோ சொன்னார்கள். மூன்று. இரண்டு. படம் லேசாக ஆடி நின்றது. ஆங்கிலத்தில் ஒரு குரல் இணைந்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னது. பாப்பா கை தட்டினாள். பெண்களும் தட்டினார்கள். கை தட்டிக்கொண்டே திரும்பிய அம்மாவின் கை அப்படியே நின்றது.

அக்கா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றிருந்தாள். முகம் வியர்த்திருந்தது. ஒரு கையில் செருப்பு.

"நல்லா வந்து கூட்டிக்கிட்டுப் போனீங்க" என்றாள்.

அம்மா கூடையோடு அவளைக் கட்டிப் பிடித்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பெட்டியை எடுத்துத் தலையில் வைத்தாள். பாப்பா அக்காவை ஒரு முறை பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். அதில் இன்னும் அந்த வெள்ளைக் கலம்தான் இருந்தது. மெதுவாக என் பின்னால் வந்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலரன்னு தானக்கா சொன்ன. இப்பதான் நாலர ஆகுது."

அக்கா மணிக்கட்டை நீட்டினாள். அதில் நான்கு ஐம்பது.

எங்கள் லயத்தில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. பெரட்டுக்குப் பிந்தக் கூடாது என்று எல்லோரும் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பக்கத்துக் காம்பராவில் பத்து நிமிடம், கடைசிக் காம்பராவில் அரை மணி, எங்கள் வீட்டில் இருபது. யார் வீட்டில் எவ்வளவு என்று எல்லோருக்கும் மனப்பாடம். அக்கா புறப்பட்ட அன்று காலையில் கைக்கடிகாரத்தை எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைத்தாள். ஆறு வருடமும் மாற்றவில்லை.

"அங்க உள்ள மணி அங்க சொவத்துல இருந்துச்சு" என்று பிறகு சொன்னாள். "கையில நம்ம வீட்டு மணி. இப்ப பாப்பா எந்திரிச்சிருக்கும், இப்ப பள்ளிக்கூடம் விட்டுருக்கும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

தொலைபேசியில் அவள் நாலரை என்றபோது, அது வீட்டு மணியா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுவதும் அளவுகருவிகளைச் சந்தேகப்படுகிற நான், அன்று அதைச் சந்தேகப்படவில்லை.

லயத்துக்கு இறங்கும் வழியில் பாப்பா என்னிடம் கேட்டாள். "தொட்டுருச்சுல்ல. ஏன் இன்னும் கதவு தெறக்கல?"

"நேரமாகும். ரெண்டு பக்கமும் காத்தழுத்தம் ஒண்ணாகணும். எங்கயாவது ஒழுகுதான்னு பாக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

முன்னால் போன அம்மா காதில் இது விழுந்தது. "வாச வரைக்கும் வந்தவனுக்குக் கதவு தெறக்க ரெண்டு மணி நேரமா? நல்ல மனுசங்க."

அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா தேநீர் ஊற்றினாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். சாக்லேட், மூன்று அளவில் சட்டைகள், நடந்தால் விளக்கு எரியும் செருப்பு. எந்த அளவு சரியாக இருக்கும் என்று தெரியாததால் மூன்று அளவில். பாப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போடி, அம்மாகிட்ட போ" என்று அம்மா அவள் முதுகைத் தள்ளினாள். பாப்பா என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"விடுங்கம்மா" என்றாள் அக்கா. "வகுப்பு டீச்சர் யாரு இப்ப?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பாப்பா என் காதில் சொன்னாள். நான் அக்காவிடம் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே. இரண்டு பக்கத்துப் பேச்சும் என் வழியாகத்தான் போய் வந்தது. அக்கா சட்டைகளை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்தேன். மடிக்கும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாள் என்று இருவருமே நினைத்தோம் என்பது தெரிந்தது. எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதைக் கண்டு பயந்தேன்.

ஆறு மணியாகும்போது பாப்பா எழுந்து செருப்பைப் போட்டாள். "வா சித்தி. கதவு தெறக்கப் போறாங்க."

வழக்கமாக நான்தான் போவேன். அன்று எழுந்திருக்கவில்லை. "எனக்குச் சோறு வடிக்கணும்" என்றேன். "அம்மாவ கூட்டிக்கிட்டுப் போ." என் போனை அவள் கையில் கொடுத்தேன்.

அடுப்பில் அப்போது உலைகூட வைத்திருக்கவில்லை. பாப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். கலத்தின் கதவு அவளுக்காகக் காத்திருக்காது. "வாங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தாள். அக்கா செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு பின்னால் போனாள். இருவருக்கும் நடுவில் பத்தடி.

நான் அரிசியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். அங்கேயிருந்து பார்த்தால் வளைவு தெரியும், பேச்சு கேட்காது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பாப்பா மடுவத்துத் திட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வளைவின் மறுகோடியில், மதகுக் கல்லில். நீண்ட நேரம் அப்படியே இருந்தார்கள். அரிசியை மூன்று தரம் கழுவினேன்.

பிறகு அக்கா தன் போனைக் காதில் வைத்தாள். திட்டில் பாப்பாவும் தலையை நிமிர்த்தி என் போனைக் காதில் வைத்தாள். முப்பது நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பாவின் கால் ஆட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் பேசும்போது அப்படித்தான் ஆட்டுவாள்.

அக்கா எழுந்து நான்கைந்து அடி நடந்து நின்றாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. மறுபடி நடந்தாள், நின்றாள். அவள் நிற்கும் இடங்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

என்ன பேசினார்கள் என்பதை அக்கா மறுநாள் சொன்னாள்.

"'கதவு தெறந்துட்டாங்களா'ன்னு கேக்கத்தான் போட்டேன். 'தெறந்துட்டாங்க, கட்டிப் புடிச்சுக்கிறாங்க'ன்னா. 'நான் வரவா'ன்னேன். 'மெதுவா வாங்க. நானூறு மீட்டர்ல நில்லுங்க'ன்னா. எனக்கு என்ன தெரியும், நாலு அடி வச்சேன். 'நில்லுங்க. பூன பேரு என்ன?' சொன்னேன். 'எனக்கு மொதல்ல விழுந்த பல்லு எது?' சொன்னேன். எல்லாம் இவ போன்ல காட்டுனதுதான. 'சரி, வாங்க.' இருநூறு, அப்புறம் இருபது. இருபதுல நிக்க வச்சுட்டா. 'எங்கயாவது ஒழுகுதா?'ன்னு கேக்குறா. 'கண்ணுலதான் கொஞ்சம்'னேன். 'அப்ப அங்கயே நில்லுங்க, ஒழுகுறது நின்னதும் வாங்க'ன்னா."

பீலியடியில் நான் பார்த்தது, அக்கா முந்தானை மாதிரி துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்ததைத்தான். அந்த நிறுத்தம்தான் நீளம். இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு திட்டில் இரண்டு உருவம் ஒட்டித் தெரிந்தது. யார் யாரைப் பிடித்தார்கள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் போன் பேசினால் ஊளையிடும். அதையும் பொறுத்துக்கொண்டு பேசினார்கள்.

நான் அடுப்புக்குத் திரும்பினேன். உலை வைத்தேன். விறகு ஈரம், புகைந்தது. அன்றைக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த நாட்கள் எல்லாம் சீராகப் போகவில்லை. இரண்டாம் நாள் பாப்பா அக்கா பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள். எனக்கும் பின்னத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் போனாள். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. யார் மடியில் படுப்பது என்று கேட்காமல் அருகில் இருந்த அக்காவின் மடியில் படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அக்கா வளைவுக்குப் போய், தான் வரவில்லை என்று குவைத் வீட்டுக்குச் சொன்னாள். இறங்கி வந்து, "சொல்லிட்டேன்" என்றாள். நான் அன்றே வளைவுக்கு ஏறிப் போய், போனில் முதலாளியிடம் பண்டாரவளைக்குச் சம்மதம் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலைகள் இன்னும் எனக்குள் இருக்கின்றன. சட்டைக்குள் ஏறும் மலைக் குளிர், தராசுச் சங்கிலியின் சத்தம், மடியில் உட்கார்ந்து என் தாடையை முட்டும் ஒரு தலை. மூவருமாக அந்தக் கண்ணாடியைப் பார்த்த அந்த ஆறு வருடத்தில் நான் எதற்காகவும் அவசரப்படவில்லை.

இப்போது நிலவரம் இது. அக்கா ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். பாப்பா ஐந்தாம் வகுப்பு. நான் பண்டாரவளையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குப் போகிறேன். நான் போகும் நாட்களிலும் பாப்பா அக்காவின் பக்கத்தில்தான் தூங்குகிறாள்.